ஆன்லைன் பிசினஸ் மென்பொருள்: 3 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

புதுக்கணக்கு_45 (கேள்வி)

பில்லிங், ஸ்டாக், வாடிக்கையாளர் விவரம் மூன்றும் சேர்ந்த மென்பொருள். 45 பேர் பயன்படுத்துவார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, எல்லாம் வெண்டாரின் சர்வரில் ஓடும், பிரவுசரில் திறந்து வேலை பார்க்க வேண்டியதுதான். டெமோ பார்த்தாகிவிட்டது, வசதிகளில் குறை இல்லை. இப்போது ஒப்பந்தம் வந்திருக்கிறது: ஆர்டர் ஃபார்ம் 2 பக்கம், முதன்மை ஒப்பந்தம் 14 பக்கம், அதற்குள் 5 லிங்க். எஸ்.எல்.ஏ. (சேவை எந்தத் தரத்தில் இருக்கும் என்ற உறுதி), சப்போர்ட், டேட்டா பாதுகாப்பு, பயன்பாட்டு விதிகள், விலை விதிகள் எல்லாம் அந்த லிங்க்குகளில்தான் இருக்கின்றன.

பழைய மென்பொருளிலிருந்து போக வேண்டியது சுமார் 12 லட்சம் ரெக்கார்டு, 40,000 ஸ்கேன் பில்கள்.

வக்கீல் சட்டப் பகுதியைப் பார்த்துக்கொள்வார். தொழில்நுட்பம் தெரிந்தவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி. குறிப்பாக: 99.9% அப்டைம் (மென்பொருள் நிற்காமல் ஓடும் நேரம்) என்பது போதுமா? விலக நேர்ந்தால் டேட்டா முழுசாகக் கைக்கு வருமா? "எல்லாருக்கும் இதே ஒப்பந்தம்தான், ஒரு வரிகூட மாற்ற முடியாது" என்று விற்பனைக்காரர் சொல்வதை நம்பலாமா?

---

பின்வாசல்

ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். "முடிவுக்கு வருதல்" என்ற பகுதியில் டேட்டாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "ஒப்பந்தம் முடிந்த 30 நாட்களுக்குள் வாடிக்கையாளர் தன் டேட்டாவை எடுத்துக்கொள்ளலாம், அதன் பிறகு அழிக்கப்படும்." படிக்க நன்றாகத்தான் இருக்கும். எந்த வடிவத்தில், யார் எடுத்துத் தருவது, ஸ்கேன் போன்ற இணைப்பு ஃபைல்களும் சேர்த்தியா, அந்த 30 நாளும் லாகின் வேலை செய்யுமா என்ற நாலு கேள்விக்கும் அதில் பதில் இருக்காது.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடலாம். ஏ.பி.ஐ. (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் டேட்டா கேட்டு வாங்கும் வழி) வழியாக ஒரு அழைப்புக்கு, அதாவது ஒருமுறை கேட்பதற்கு, 100 ரெக்கார்டு வரும் என்றால் 12 லட்சத்துக்கு 12,000 அழைப்பு. ஸ்கேன் பில்கள் ஒவ்வொன்றும் தனி அழைப்பு, அது 40,000. மொத்தம் 52,000. நாளுக்கு 5,000 அழைப்பு அனுமதி என்றால் 11 நாளில் முடியும். நாளுக்கு 1,000 என்றால் 52 நாள், அதாவது உங்கள் 30 நாள் கெடு முடியும்போது 22,000 அழைப்புக்கான டேட்டா இன்னும் அங்கேயே இருக்கும். இந்த வரம்பு முதன்மை ஒப்பந்தத்தில் இருக்காது. "பயன்பாட்டு விதிகள்" லிங்க்கில் இருக்கும். 3 வருடத்தில் உங்கள் டேட்டா இன்னும் வளர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிறது" என்பதோடு திருப்திப்பட வேண்டாம். ட்ரையல் கணக்கிலேயே சோதித்துவிடுங்கள். 200 வாடிக்கையாளர், 500 பில், 50 ஸ்கேன் ஏற்றுங்கள். சில பில்லைத் திருத்துங்கள், சிலவற்றை ரத்து செய்யுங்கள். பிறகு எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, வெறும் அந்த ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கிறதா பாருங்கள்:

எந்த பில் எந்த வாடிக்கையாளருடையது? பெயர் மட்டும் வந்து உள் அடையாள எண் வராவிட்டால், ஒரே பெயரில் இருவர் இருந்தாலே எல்லாம் குழம்பிவிடும். எந்த ஸ்கேன் எந்த பில்லோடு சேர்ந்தது? பல மென்பொருள்களில் ஸ்கேன்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் புரியாத பெயர்களோடு வந்து விழும். யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தணிக்கைப் பதிவு வருகிறதா? ரத்தான பில்கள் வருகின்றனவா, இல்லை நடப்பில் உள்ளவை மட்டும்தானா? நீங்களே சேர்த்த கூடுதல் கட்டங்கள்?

தமிழில் பெயர், முகவரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. சி.எஸ்.வி. ஃபைலை (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) எக்செல்லில் நேரடியாக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்து கந்தரகோலமாகத் தெரியலாம். டேட்டா கெட்டுப்போகவில்லை, ஃபைல் யு.டி.எஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) என்பது எக்செல்லுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இம்போர்ட் வழியாக, யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். அப்போதே எண்கள் உள்ள பத்திகளை "டெக்ஸ்ட்" என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும்; 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் பழைய எண் திரும்பி வராது.

கேட்க வேண்டிய ஷரத்து: ஒப்பந்தம் நடக்கும்போதே எப்போது வேண்டுமானாலும் முழு எக்ஸ்போர்ட், முடிந்த பிறகு 60 முதல் 90 நாள் பார்வைக்கு மட்டுமான அனுமதி, டேட்டாபேஸ் டம்ப் (முழு டேட்டாபேஸின் அப்படியே நகல்) அல்லது அடையாள எண்களோடு சி.எஸ்.வி., கூடவே ஒவ்வொரு பத்திக்கும் விளக்கம். இணைப்புகள் எந்த ரெக்கார்டுக்கு உரியவை என்ற பட்டியல். அந்த நாட்களில் அழைப்பு வரம்பைத் தளர்த்துதல். எடுத்து முடித்த பிறகு அழித்ததற்கு எழுத்துச் சான்று. பேக்கப்புகளில் உள்ள நகல் எத்தனை நாளில் அழியும் என்பதும் அந்தச் சான்றில் வரட்டும்.

"இதெல்லாம் யாரும் தருவதில்லை" என்று சொன்னால் ஒரு எடுத்துக்காட்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கிறது. வேறு வெண்டாருக்கு மாறுவதற்கான முன்னறிவிப்பு 2 மாதத்தைத் தாண்டக் கூடாது, மாறும் காலம் முடிந்த பின்னும் டேட்டா எடுக்கக் குறைந்தது 30 நாள் தர வேண்டும், 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கென்று கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் வெண்டாருக்கு அங்கே வாடிக்கையாளர்கள் இருந்தால் இதற்கான ஷரத்துகளை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். அதையே எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கலாம்.

---

நிமிடமுள்

அப்டைம் கேள்விக்கு வருகிறேன். 30 நாள் மாதத்தில் 99.9% என்றால் 43 நிமிடம் 12 விநாடி நின்றால் குற்றமில்லை. 99.5% என்றால் 3 மணி 36 நிமிடம். 99.99% என்றால் 4 நிமிடம் சொச்சம். அலுவலக வேலைக்கு 99.9% தாராளமாகப் போதும். ஆனால் அந்த சதவீதத்தைவிட, அதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

மாதக் கணக்கா, வருடக் கணக்கா? வருடக் கணக்கில் 99.9% என்பது 8 மணி 45 நிமிடம். ஒரு வேலை நாள் முழுக்க நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று சொல்லிவிடலாம்.

"நின்றுபோனது" என்பதற்கு என்ன வரையறை? லாகின் பக்கம் திறந்தாலே ஓடுகிறது என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. பில் சேமிக்க முடியவில்லை, ஸ்டாக் தேடினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது கணக்கில் வராது. லாகின், பில் சேமித்தல், ஸ்டாக் தேடல், ஏ.பி.ஐ. இந்த நான்கில் ஒன்று நின்றாலும் நின்றதாகவே கொள்ளப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

திட்டமிட்ட பராமரிப்பு நேரம் கணக்கிலிருந்து கழிக்கப்படும். அதற்கு உச்சவரம்பு இல்லாவிட்டால் 99.9% என்பதற்கு அர்த்தமே இல்லை. மாதம் 4 மணி நேரம், 72 மணி நேர முன்னறிவிப்பு, உங்கள் இரவு நேரத்தில் என்று கேளுங்கள். வெண்டாரின் இரவு உங்களுக்குப் பகலாக இருக்கலாம் என்பதால் எந்த நேர மண்டலம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இழப்பீடாகத் தருவது பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு கழிவு மட்டுமே. மாதச் சந்தாவில் 10% என்றால் வருடச் சந்தாவில் அது 0.83%. அதையும் 30 நாளுக்குள் நீங்களே கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. "இதுவே ஒரே பரிகாரம்" என்ற சொற்றொடர் அருகில் இருந்தால் அதன்பின் வேறு எதையும் கேட்க முடியாது. ஆகவே கழிவை உயர்த்தக் கேட்டுப் போராட வேண்டாம். தொடர்ந்து கெட்டுப்போனால் விலகும் உரிமையைக் கேளுங்கள்: 6 மாதத்தில் 3 மாதம் 99.5%-க்குக் கீழே, அல்லது ஒரே மாதத்தில் 98%-க்குக் கீழே போனால் (அது 14 மணி 24 நிமிடம்) அபராதமின்றி விலகலாம், மீதிக் காலத்துக்குக் கட்டிய பணம் திரும்ப வரும்.

அப்டைமைவிட பேக்கப்புக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் என்ற ஆன்லைன் மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். பழைய செயலி ஒன்றை நீக்குவதற்கான ஸ்கிரிப்டுக்கு, செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்கள் போய்ச் சேர்ந்தன. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. சிலருக்கு எல்லாம் திரும்பி வர 14 நாள் ஆனது. பேக்கப் இருந்தது. எல்லாருடைய டேட்டாவும் கலந்து கிடக்கும் அமைப்பில், மற்றவர்களைத் தொடாமல் சிலருடையதை மட்டும் மீட்டெடுக்கும் தானியங்கி வழி அப்போது இல்லை. தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

ஆகவே வெண்டாரிடம் இப்படிக் கேளுங்கள்: "எங்கள் ஒரு கணக்கை மட்டும் நேற்று மாலை 5 மணி நிலைக்குக் கொண்டுவர முடியுமா? எத்தனை மணி நேரம் ஆகும்? அதற்குத் தனிக் கட்டணமா? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்?" "பேக்கப் தினமும் எடுக்கிறோம்" என்பது இதற்குப் பதில் ஆகாது. அதிகாலை 2 மணிக்கு ஒரு முறை என்றால் மாலை 5 மணிக்குக் கெட்டால் அன்றைய 15 மணி நேரப் பதிவு போய்விடும். உங்கள் ஊழியர் தவறுதலாக 300 பில்லை அழித்துவிட்டால் மீட்டுத் தருவது பல ஒப்பந்தங்களில் வெண்டார் பொறுப்பே இல்லை. அந்த பேக்கப் அவர்களுடைய சர்வர் கெட்டால் மட்டும்தான்.

பேக்கப் எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.ஹெச். என்ற சர்வர் வாடகை நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள்.

---

வரவுசெலவு

பணம் போகும் ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

சந்தா எந்தத் தேதியில் தொடங்குகிறது? கையெழுத்திட்ட நாளா, வேலை தொடங்கும் நாளா? 12 லட்சம் ரெக்கார்டை மாற்றிச் சரிபார்க்க 3, 4 மாதம் பிடிக்கலாம். அதுவரை 45 பேருக்கும் சும்மா கட்டிக்கொண்டிருப்பீர்கள். முதல் 4 மாதம் 10 யூசர், பிறகு 45 என்று படிப்படியாக ஏற்றச் சொல்லுங்கள். இது விற்பனைக்காரர் மட்டத்திலேயே முடிகிற விஷயம்.

யூசர் என்றால் யார்? பெயருக்கு ஒரு லாகினா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையா? 45 பேர் 3 ஷிஃப்டில் வந்தால் ஒரே நேரத்தில் 15 பேர்தான். ஆள் விலகினால் அந்த லாகினை அடுத்தவருக்கு மாற்றலாமா? கூட்டுவது எப்போது வேண்டுமானாலும் முடியும். குறைப்பது வருடத்துக்கு ஒருமுறையா, 3 வருடத்துக்கு முடியவே முடியாதா?

வேறு மென்பொருளை இதோடு இணைக்கப்போகிறீர்கள் என்றால் மறைமுகப் பயன்பாடு பற்றிய வரியைத் தேடுங்கள். 2017-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் மென்பொருள் நிறுவனம் எஸ்.ஏ.பி.க்கும் அதன் வாடிக்கையாளரான மதுபான நிறுவனம் டியாஜியோவுக்கும் நடந்த வழக்கு இதுதான். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் கட்டிய செயலிகள் மூலம் டியாஜியோவின் வாடிக்கையாளர்களும் விற்பனைப் பணியாளர்களும் எஸ்.ஏ.பி.யின் டேட்டாவைத் தொட்டார்கள். அவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று தீர்ப்பு எஸ்.ஏ.பி. பக்கம் வந்தது. கேட்டிருந்த தொகை 5.4 கோடி பவுண்டுக்கும் மேல். அது சொந்த சர்வரில் ஓடிய மென்பொருள்தான், ஆனால் "நேரடியாகவோ மறைமுகமாகவோ பயன்படுத்துபவர்" என்ற சொற்கள் உங்கள் 14 பக்கத்திலும் இருக்கலாம்.

விலை உயர்வு: "அப்போதைய விலைப்பட்டியலின்படி" என்று புதுப்பித்தல் ஷரத்து சொன்னால் உங்கள் தள்ளுபடி 3 வருடத்தோடு போச்சு. 4ஆம் வருடமும் உயர்வுக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும். வருடம் 7% என்பது சின்னதாகத் தெரியும். 100 என்று தொடங்கினால் 4ஆம் வருடம் 122.50. 3% என்றால் 109.27.

இன்னும் சில: சேமிப்பு இடம் (40,000 ஸ்கேன், ஒன்று 2 எம்.பி. என்றால் 80 ஜி.பி.; பேக்கேஜில் எவ்வளவு அடக்கம்?), ஒற்றை லாகின் வசதி (அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே லாகினில் திறப்பது) மேல்நிலை பேக்கேஜில் மட்டுமா, சோதனைக்கான தனிக் கணக்கு இலவசமா. இன்று நீங்கள் பார்த்த வசதியை நாளை தனி மாட்யூலாகப் பிரித்து விற்றால்? "ஒப்பந்த நாளில் இருந்த வசதிகள் கூடுதல் கட்டணமின்றித் தொடரும்" என்று ஒரு வரி போதும்.

பில்லில் சண்டை வந்தால் என்ன ஆகும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். பணம் தாமதமானால் உடனே கணக்கை முடக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். தகராறு இல்லாத தொகைக்கு மட்டும், 15 நாள் எழுத்து நோட்டீஸுக்குப் பிறகே முடக்கலாம், அப்போதும் எக்ஸ்போர்ட் வேலை செய்ய வேண்டும். கணக்கு முடங்கினால் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

---

புதுக்கணக்கு_45

மிக்க நன்றி. ஆர்டர் ஃபார்மை எடுத்துப் பார்த்தேன், சந்தா கையெழுத்திட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது! பாதுகாப்புக்கு ஒரு ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் அனுப்பியிருக்கிறார்கள், அது போதுமா? அப்புறம், "ஒரு வரிகூட மாற்ற முடியாது" என்பது? 3 வருடப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் 15% தள்ளுபடி என்றும் சொல்கிறார்கள்.

---

மூன்றாம்கண்

சான்றிதழில் "எல்லை" என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். தலைமை அலுவலகத்தின் ஒரு பிரிவுக்கு மட்டும் வாங்கிய சான்றாக இருக்கலாம். உங்கள் மென்பொருள் ஓடும் அமைப்பு அதில் வராமல் போகலாம். காலம் 3 வருடம், இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. தேதியைச் சரிபாருங்கள்.

எஸ்.ஓ.சி. 2 அறிக்கை (வெண்டாரின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை வெளித் தணிக்கையாளர் சோதித்து எழுதுவது) கேளுங்கள், அதுவும் டைப் 2. டைப் 1 ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் எப்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதை மட்டும் சொல்லும். டைப் 2 பல மாதங்கள் அவை நடைமுறையில் ஓடினவா என்று பார்ப்பது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் தருவார்கள், அது வழக்கம். கையில் வந்ததும் தணிக்கையாளரின் கருத்து நிபந்தனையுடன் உள்ளதா, எந்தச் சோதனைகளில் விலகல் என்று குறித்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை என்ன, இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றாவதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். விலகிய ஊழியரின் லாகினை நீக்குவது உங்கள் வேலை என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

டேட்டா கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள்? ஐரோப்பாவின் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர்.-இல், டேட்டாவுக்குப் பொறுப்பான நிறுவனம் (வெண்டார் அல்ல, அவரிடம் டேட்டாவைக் கொடுத்தவர்) அறிந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வெண்டாருக்கோ "தேவையற்ற தாமதமின்றி" என்றுதான் இருக்கிறது, மணிக்கணக்கு இல்லை. ஒப்பந்தத்தில் 24 மணி நேரம் என்று எண்ணாகப் போடுங்கள். உங்கள் டேட்டாவை "சேவையை மேம்படுத்த" பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தால், ஏ.ஐ. மாடல்களுக்குப் பயிற்சி தருவதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பொறுப்பு வரம்பு வக்கீல் வேலைதான். ஒரு கணக்கு மட்டும் நீங்கள் போட்டுக் கொடுங்கள். "முந்தைய 12 மாதத்தில் செலுத்திய தொகை" என்று வரம்பு இருந்து, நீங்கள் மாதாமாதம் கட்டினால், 3ஆம் மாதத்தில் ஏதாவது நடந்தால் வரம்பு வெறும் 3 மாதச் சந்தா. "செலுத்திய அல்லது செலுத்த வேண்டிய வருடச் சந்தா, எது அதிகமோ அது" என்று மாற்ற வேண்டும். டேட்டா கசிவுக்கு இதைவிடப் பெரிய தனி வரம்பு கேட்பது வழக்கம்தான். மறைமுக இழப்புப் பட்டியலில் "டேட்டா இழப்பு" இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்த வரம்பும் பயன்படாது.

---

வரவுசெலவு

மாற்ற முடியாது என்பது 14 பக்க ஆவணத்துக்கு உண்மையாக இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். ஆர்டர் ஃபார்மில் "சிறப்பு நிபந்தனைகள்" என்று ஒரு பகுதி இருக்கும், இல்லாவிட்டால் சேர்க்கலாம். கேட்பதை எல்லாம் அங்கே எழுதுங்கள். ஆவணங்களுக்குள் முரண் வந்தால் எது செல்லும் என்ற ஷரத்தில் ஆர்டர் ஃபார்ம் முதலிடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சில ஒப்பந்தங்களில் முதன்மை ஒப்பந்தம் முதலில் வரும். அப்போது நீங்கள் எழுதியதெல்லாம் வீண்.

அந்த 5 லிங்க்கில் உள்ள ஆபத்தை யாரும் சொல்லவில்லை. லிங்க்கில் இருப்பதை வெண்டார் எந்த நாளும் மாற்றலாம். கையெழுத்திடும் நாளில் ஐந்தையும் பி.டி.எஃப்.பாக எடுத்து இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். "ஒப்பந்தக் காலத்தில் இவற்றில் செய்யும் மாற்றம் வாடிக்கையாளருக்குப் பாதகமாக இருந்தால் செல்லாது" என்று சிறப்பு நிபந்தனையில் ஒரு வரி. டெமோவில் வாயால் சொன்ன வாக்குறுதிகளுக்கும் இதே மருந்துதான். "இதுவே முழு ஒப்பந்தம்" என்ற ஷரத்து அவற்றையெல்லாம் ரத்து செய்துவிடும்.

---

பின்வாசல்

15% தள்ளுபடிக்காக 3 வருடத்தையும் முன்பணமாகக் கட்டுவது என் கணக்கில் சரியில்லை. அவர்கள் மூடிவிட்டால் அந்தப் பணத்துக்கு நீங்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பீர்கள். 2013 செப்டம்பரில் நிர்வானிக்ஸ் என்ற ஆன்லைன் சேமிப்பு நிறுவனம் மூடப்போவதாகச் சொன்னபோது, டேட்டாவை எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு முதலில் தந்த கெடு சுமார் 2 வாரம். 3 வருட விலையை உறுதிசெய்துகொண்டு வருடாவருடம் கட்டுவதாகச் சொல்லுங்கள். தள்ளுபடி பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. இதற்கு மாற்றாக சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல நிரலை) மூன்றாம் ஆளிடம் காப்பில் வைக்கிறோம், நாங்கள் மூடினால் அது உங்களுக்குக் கிடைக்கும் என்று சொன்னால் மயங்க வேண்டாம்.

---

நிமிடமுள்

காப்பு முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். வெறும் கோடு மட்டும் என்றால் வீண்தான். 45 பேர் நிறுவனம் அதை எடுத்து ஓட்டப்போவதில்லை. கோடு, சர்வர் அமைப்பு, டேட்டா மூன்றும் சேர்ந்து, மூன்றாம் ஆள் 30, 60 நாள் ஓட்டித் தருவார் என்றால் மாறுவதற்கு அவகாசம் கிடைக்கும். உங்கள் அளவுக்கு அதன் செலவு அதிகம். மாதம் ஒருமுறை முழு எக்ஸ்போர்ட் எடுத்துத் தனியே வைப்பதே போதும்.

---

புதுக்கணக்கு_45

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடியும். தானாகப் புதுப்பிக்கும், வேண்டாம் என்றால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. டிசம்பர் கடைசியில் சொன்னால் போதுமா?

---

வரவுசெலவு

90 நாள் பின்னோக்கி எண்ணினால் லீப் அல்லாத வருடத்தில் டிசம்பர் 31. ஜனவரி 1 அன்று அனுப்பினால் 89 நாள்தான், இன்னொரு சுற்று சிக்கிக்கொள்வீர்கள். அந்தச் சுற்று எவ்வளவு காலம் என்றும் பாருங்கள். இன்னொரு 3 வருடம் என்று எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு, அதை 12 மாதம் ஆக்குங்கள். நோட்டீஸ் "அனுப்பிய" நாளா, "கிடைத்த" நாளா, ஈமெயில் செல்லுமா, எந்த முகவரிக்கு என்பதெல்லாம் "அறிவிப்புகள்" ஷரத்தில் இருக்கும். சப்போர்ட் டிக்கெட்டில் போட்டால் பெரும்பாலும் செல்லாது. 90-ஐ 30 ஆக்கக் கேளுங்கள், 60-க்கு ஒத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எதுவானாலும் காலண்டரில் நவம்பர் 1 அன்று ஒரு நினைவூட்டல் போட்டு, அதை ஒருவர் பெயரில் வைக்காமல் அலுவலகப் பொது மெயிலில் வையுங்கள்.